கேப்டனுக்கு ஐந்து ஸ்டார், கஸ்டமர் கேருக்கு ஒன்றுகூட இல்லை

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு இரவு விமானத்தில் வந்தேன். ஏர்லைன் பெயர் வேண்டாம், அந்த கேப்டனுக்குத் தொல்லை வந்துவிடக் கூடாது. சீட்டு பரவாயில்லை. பிரியாணி ஆறிப்போயிருந்தது.

வங்காள விரிகுடாவுக்கு மேலே, ஜன்னலில் நட்சத்திரம் தெரிகிற அளவுக்குத் தெளிவான வானத்தில், விமானம் சட்டென்று இடது பக்கம் சாய்ந்தது. வழக்கமாகத் தூக்கிப் போடுமே, அது இல்லை. யாரோ இறக்கையைப் பிடித்து முறுக்கியது மாதிரி. நிமிர்ந்தது, ஒரு உதறல், அவ்வளவுதான், ஐந்தாறு விநாடி. என் காபி பக்கத்து சீட்டு அக்காவின் புடவையில். "மேகமே இல்லையே, என்ன தம்பி இது?" என்றார். பாத்ரூம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒருவருக்குத்தான் முழங்கையில் அடி, பணிப்பெண் ஓடி வந்து ஐஸ் வைத்தார்.

இரண்டே நிமிடத்தில் கேப்டன் மைக்கில் வந்தார். எதிர்த்திசையில் ஆயிரம் அடி மேலே போன பெரிய விமானத்தின் சுழலில் மாட்டினோம், பாதையிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் விலகிப் பறக்கிறோம், பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்றார். மழுப்பலே இல்லை.

பைக்கில் போகும்போது ஆம்னி பஸ் உரசிக் கடந்தால் வண்டி இழுக்குமே, கிட்டத்தட்ட அப்படித்தான். இறக்கைக்குக் கீழே இருக்கும் அழுத்தம் அதிகமான காற்று நுனி வழியாக மேலே ஏறப் பார்க்கும்போது, இரண்டு நுனியிலும் சுழல் பிறக்கிறது. விமானம் போன பிறகும் அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், காற்று அமைதியாக இருந்தால் சீக்கிரம் கலையாது. வானிலை ரேடாரில் தெரியாது. ஜிபிஎஸ் வந்தபின் எல்லா விமானமும் ஒரே கோட்டில் அச்சுப் பிசகாமல் பறப்பது இதில் வசதியாகப் போய்விட்டது, சுழலுக்கு. அதனால்தான் கடல் மேலே இரண்டு கடல் மைல் வரை வலப்பக்கம் ஒதுங்கிப் போக அனுமதி வைத்திருக்கிறார்கள்.

சின்ன விமானமாக இருந்தால் கதையே வேறு. 2017 ஜனவரியில் மாலேயிலிருந்து அபுதாபி போன சேலஞ்சர் 604 என்ற சின்ன ஜெட், ஆயிரம் அடி மேலே எதிரே கடந்த ஏ380 என்ற இரண்டு மாடி ராட்சத விமானத்தின் சுழலில் சிக்கி, அரபிக்கடல் மேலே உருண்டு சுமார் 9,000 அடி கீழே வந்தது. மஸ்கட்டில் எப்படியோ இறக்கிவிட்டார்கள். ஆட்கள் பிழைத்தார்கள், சிலருக்குக் காயம். விமானம் அதற்குப் பிறகு தேறவில்லை.

இனி கஸ்டமர் கேர். ஊர் வந்ததும் புகார்கூட இல்லை, கேப்டனைப் பாராட்டித்தான் மெயில் போட்டேன், கூடவே மேலே போனது எந்த ரக விமானம் என்று ஒரு கேள்வி. ஒன்பது நாள் கழித்து பதில்: "மோசமான வானிலையால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." நட்சத்திரம் தெரிந்ததே ஐயா என்று திருப்பி எழுதினேன். அதே வரி, அதே கமா, மறுபடியும் வந்தது.