பிலடெல்பியாவின் 'லேண்ட்கேர்': காலிமனைச் சீரமைப்புச் சேவை எப்படி இருக்கிறது?

2021-ல் அமெரிக்க நகரமான பிலடெல்பியாவில் 562 கொலைகள். அந்த ஊர் அதுவரை கண்டிராத எண்ணிக்கை. 2024-ல் அது 269 ஆக இறங்கியது. இந்த இறக்கத்தை எந்த ஒரு திட்டத்தின் கணக்கிலும் எழுத முடியாது. ஆனாலும் துப்பாக்கிச் சூட்டைக் குறைக்கும் என்று முறையான சோதனையில் தெரியவந்த வெகுசில வேலைகளில் ஒன்று அங்கே நடக்கிறது: பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நகராட்சிக்காக நடத்தும் லேண்ட்கேர்.

1950-ல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, ஆலைகள் மூடியதும் 2000-க்குள் 15 லட்சமாகச் சுருங்கியது. வரிசை வீடுகள் பாழடைந்து இடிக்கப்பட, தெருவுக்குத் தெரு காலிமனைகள். களையும் குப்பையும் மண்டிய மனை, சட்டவிரோதத் துப்பாக்கியை ஒளித்து வைக்க வசதியான இடம். இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் போலீஸ் பிடிக்கும். புதருக்குள் கிடந்தால் யாருடையது என்றே தெரியாது.

சேவையின் முறை எளிது. நகராட்சி முதலில் உரிமையாளருக்கு நோட்டீஸ் விடும். பலர் இறந்திருப்பார்கள், இல்லையென்றால் வரிபாக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். கெடு முடிந்ததும் ஒப்பந்தக்காரர் இறங்கிக் குப்பையை அள்ளி, தரையைச் சமன்படுத்தி, மேல்மண் போட்டு, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, சுற்றிலும் தாழ்வான மரவேலி போடுவார்.

அந்த வேலிதான் இதில் கெட்டிக்காரத்தனமான பாகம். வெறும் குறுக்குக் கட்டைகள். ஆள் நுழைய இடைவெளி உண்டு, கதவும் பூட்டும் கிடையாது. ராத்திரியில் கட்டட இடிபாட்டைக் கொட்ட வரும் லாரி உள்ளே போக முடியாது, பந்தோடு வரும் பிள்ளை போகலாம். உயரமான கம்பிவலை போட்டுப் பூட்டியிருந்தால் புல் வெட்டவும் ஆள் போகாமல் மறுபடி காடாகியிருக்கும்.

2018 வாக்கில் செலவு ஒரு மனைக்குச் சுமார் 1,600 டாலராகவும், பராமரிப்பு ஆண்டுக்கு 180 டாலராகவும் இருந்தது. 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. வெளியே வரப் பயப்படுவதும் பாதிக்கு மேல் குறைந்தது. இந்தக் காசுக்கு இப்படியொரு பலன் தரும் வேறு திட்டத்தைக் காட்டுவது கடினம்.

டிவி செய்தியில் இதெல்லாம் வராது. சூடு நடந்த இடத்தில் போலீஸ் கட்டிய மஞ்சள் நாடா, சுழலும் விளக்கு, 'விசாரணை நடக்கிறது', அவ்வளவுதான். நிருபருக்குப் பின்னால் தெரியும் பாழ்மனை யாருடையது என்று ஒரு கேள்விகூட இல்லை. அறுவை மருத்துவர் ஜெசிகா பியர்டின் குழு, சுடப்பட்டுப் பிழைத்தவர்களையே கேட்டு ஆய்வு செய்தது. தாங்கள் சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் பெயரைச் செய்தியில் சொல்வதுகூடத் தங்களுக்குத் தீங்கு என்றார்கள் அவர்கள். தெருவின் பெயர் கெடுவதற்கு இத்தகைய செய்தி போதும். தெரு திருந்தியதைக் காட்ட யாரும் கேமராவோடு வருவதில்லை.

குறைகளும் உண்டு. இடித்த வீட்டின் செங்கல் அடியிலேயே புதைந்திருப்பதால் மேல்மண் மெலிந்தால் புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது. முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கன்று பிழைப்பது அரிது. புல்வெட்டும் துப்புரவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். பனிக்காலத்தில் குப்பை மறுபடி சேரும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நிலம் சங்கத்தினுடையதல்ல. கென்சிங்டன் போல விலை ஏறும் பகுதியில் உரிமையாளர் விற்றுவிட்டால், அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசிய புல்தரை ஒரே நாளில் அஸ்திவாரக் குழியாகிவிடும். அவர்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இந்தச் சேவை வேண்டுகிறவர்கள் முதலில் நகராட்சியின் 'அட்லஸ்' இணையதளத்தில் முகவரியைப் போட்டு உரிமையாளர் யார், விதிமீறல் பதிவு உண்டா என்று பாருங்கள். பிறகு நகராட்சியின் புகார் தொலைபேசியான 311-ல் புகார் எண் வாங்குங்கள். புகாருக்கு நகராட்சி வந்து குப்பை அள்ளுவது வேறு, லேண்ட்கேர் பட்டியலில் மனை சேர்வது வேறு. இரண்டாவதற்குச் சங்கத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மனைக்காகக் கேட்பதைவிடத் தெருவிலுள்ள எல்லா மனைகளையும் சேர்த்து, குடியிருப்போர் குழுவின் பெயரில் கேளுங்கள்.