ஷெட்டுக்கு அனுப்பும் முன் கதவுக்குள்ளேயும் போட்டோ எடுங்கள்

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த பழைய காரை மறுபடி ஓட வைக்கலாம் என்று கிளம்பியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயும், இனி எந்தக் கடையிலும் கிடைக்காத இரண்டு கதவுகளும் போன கதை இது. ஷெட்டின் பெயரை எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, வக்கீல் அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தவிர, இந்த ஒரு ஆளைத் தவிர்த்தாலும் இதே வித்தை தெரிந்த இன்னொருவர் கிடைப்பார். வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. அப்பா பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். 1978-இல் தெரிந்தவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 2017-இல் அவர் போகும்வரை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் போர்டிகோவில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

2021 ஊரடங்கில் மகளுக்குப் பதினான்கு வயது. ஆன்லைன் வகுப்பில் வெறுத்துப்போய் ஒரு நாள் தார்ப்பாயை விலக்கி, "இதைக் கழட்டலாமாப்பா?" என்று கேட்டாள். சரி என்றேன். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அப்படிச் சாய்த்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை செய்யலாம். அவள் தினமும் அந்த டயர் மேல்தான். கார்புரேட்டர் ஜெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். முன்சக்கரத்தின் அடி ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்புவதற்கான மரை போட்ட மூட்டு) கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பதை மேனுவலில் படித்து எனக்குச் சொன்னதும் அவள்தான். மரைக்குள் எண்ணெய் போகாமல் துரு ஏறினால், ஒருநாள் வளைவில் திருப்பும்போது முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடுமாம். அப்பா நாற்பது வருடம் ஆயில் விட்டது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பிரேக், ட்ரன்னியன், வயரிங், கார்புரேட்டர் எல்லாம் ஒன்றரை வருடத்தில் நாங்களே முடித்தோம். கிடைக்காத சாமான்களுக்கு புதுப்பேட்டையில் பல சனிக்கிழமைகள் அலைந்தோம். சிலவற்றை பிரிட்டனிலிருந்து வரவழைத்தோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், திருட்டின் மையமே அதுதான். பிரிட்டனில் 1959-இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். இத்தாலியக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்தது. அங்கே இன்றும் இன்ஜின் சாமான், பிரேக் சாமான் எல்லாம் புதிதாகவே கிடைக்கும். ஆனால் அவர்கள் ஹெரால்டில் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு மெட்ராஸில் மட்டும் போட்டது. அதனால் பின் கதவு, அதன் கண்ணாடி, உள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெக்கானிசம் எதுவும் லண்டனில் தேடினாலும் கிடைக்காது. இருக்கிற பழைய வண்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

தகட்டு வேலை மட்டும் எங்களால் முடியாது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீண்டு பாடியைத் தாங்கும் பாகங்கள் உளுத்திருந்தன. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. நல்ல டிங்கர் வேண்டும் என்று விசாரித்ததில் புறநகரில் ஒரு ஷெட்டைச் சொன்னார்கள். பழைய வண்டி மட்டும்தான் செய்வாராம்.

அவர் வீட்டுக்கே வந்தார். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்கப்பா ஸ்டாண்டர்ட் கம்பெனியா சார்? அந்தக் காலத்து மனுஷங்களே வேற சார்." என் கண் கலங்கிவிட்டது. அங்கேயே விழுந்துவிட்டேன். சேசிஸ், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், நான்கு மாதம் என்றார். ஒரு காகிதத்தில் எழுதக்கூட இல்லை. "நம்ம வீட்டு வண்டி மாதிரி சார்" என்றார். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கதவுகளையும் கூடவே அனுப்பச் சொன்னார். கதவை மாட்டி இடைவெளி பார்த்தால்தான் தகடு சரியாக உட்காரும் என்றார். அது உண்மைதான், இன்றைக்கும் அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் கதவின் வெற்றுக் கூடு போதும். கண்ணாடி, கைப்பிடி, உள் மெக்கானிசம் எதற்கு? மகள் கேட்டாள். "பாப்பா, நீ படிக்கிற பொண்ணு. இதெல்லாம் கை வேலைம்மா" என்று சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். போன மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

வண்டியை ஏற்றுவதற்கு முந்தைய ராத்திரி அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்தாள். "நம்மளை நம்பாதவங்க மாதிரி இருக்கு, விடு கண்ணு" என்று அதட்டினேன். விடவில்லை. 212 போட்டோ. அதில் ஒன்று இடது பின் கதவின் உள்பக்கம். அட்டையைக் கழற்றினால் தகட்டில் மஞ்சள் சாக்பீஸ் மாதிரி எதனாலோ 47 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு டிக். தொழிற்சாலையில் யாரோ போட்டது. "தாத்தா எழுதினதா?" என்று கேட்டாள். இருக்காது. 1970-இல் அவர் வேலைக்குச் சேரவேயில்லை.

2023 ஜனவரியில் வண்டி போனது. முதல் மாதமே அறுபதாயிரம். அப்புறம் தகடு விலை ஏறிவிட்டது, பெயிண்டர் ஊருக்குப் போய்விட்டார், பையனுக்குக் கல்லூரி ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. எல்லாம் ஜிபேயில், எதற்கும் பில் கிடையாது. நடுவில் வாட்ஸ்அப்பில் சேசிஸ் போட்டோ வந்தது, ரெட் ஆக்சைடு அடித்துப் பளிச்சென்று. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம வண்டி இல்ல" என்றாள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில் வகை. போட்டோவில் இருந்ததில் பின்னால் ஒரே கட்டி அச்சு. அது கெசல். 1972-இலிருந்து அதே கம்பெனி போட்ட அடுத்த மாடல். போன் செய்து கேட்டேன். "ஐயோ, பையன் மாத்தி அனுப்பிட்டான் சார்" என்றார். நம்பினேன். அன்றைக்கே நேரில் போயிருக்க வேண்டும்.

இன்னொரு முப்பத்தைந்தாயிரம் போன விதம் தனி. ஆர்.சி. காலாவதியாகியிருந்தது. "ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு இனிமே வின்டேஜ் நம்பர்தான் சார், கட்டாயம். நான் வாங்கித் தர்றேன்" என்றார். 2021-இல் வந்த மத்திய அரசு விதி என்ன சொல்கிறது என்றால், புதிதாகப் பதிவு செய்யும் வின்டேஜ் வண்டிக்குத்தான் 'விஏ' வரிசை எண். அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அதோடு வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் நானே போய் நின்றபோது, தாமதக் கட்டணம் கட்டி வண்டியைக் காட்டிப் பழைய எண்ணிலேயே புதுப்பிக்கலாம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, தேவையில்லாத ஒன்றை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கி, அதையும் வாங்கித் தரவில்லை.

நான்கு மாதம் என்றது பதினான்கு மாதமாகி, 2024 மார்ச்சில் வண்டி வந்தது. அப்படி ஒரு பளபளப்பு. அம்மா கற்பூரம் சுற்றி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் மகள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கொடைக்கானல் காந்தத்தை எடுத்து வந்தாள். பெயிண்ட் கீறாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கதவின் மேலிருந்து மெதுவாக இறக்கினாள். மேல் பாதியில் 'டக்' என்று ஒட்டியது. அடிப்பக்கம் நாலு விரல் உயரத்தில் ஒட்டவேயில்லை, நழுவிக் கீழே விழுந்தது. இன்னும் நாலு இடத்தில் வைத்தாள். அங்கும் விழுந்தது. தகடு இருந்தால் காந்தம் ஒட்டும், பள்ளத்தை நிரப்பிப் பூசும் பட்டிக்கு ஒட்டாது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தாள். தகட்டுச் சத்தம் இல்லை, சுவரைத் தட்டுவது மாதிரி இருந்தது. அடியில், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து முனையை வைத்து நெம்பினாள். பட்டி பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே திணித்திருந்த நியூஸ்பேப்பர் வெளியே வந்தது. பிரித்தால் வரி விளம்பரப் பக்கம், மேலே தேதியோடு. வண்டி அவரிடம் போய் ஏழு மாதம் கழிந்த தேதி. முன்னால் யாரோ செய்த வேலை என்று இனி அவர் சொல்ல முடியாது.

அப்புறம் கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். 47 இல்லை. ஸ்பீக்கர் மாட்ட வட்டமாக வெட்டிய ஓட்டை இருந்தது. எங்கள் வண்டியில் ரேடியோவே கிடையாது. இரண்டு பின் கதவும் வேறு வண்டியுடையவை. முன் கதவுகள் எங்களுடையவைதான்.

முன்சக்கர ட்ரன்னியனிலும் கிரீஸ் அடித்து வைத்திருந்தார்கள். அதை நான் ஏமாற்றில் சேர்க்கவில்லை, அது தெரியாத்தனம். ஆனால் ரோட்டில் ஆளைக் கொல்வது இந்தத் தெரியாத்தனம்தான். எந்த ஷெட்டிலிருந்து ஹெரால்டு வந்தாலும் அதை முதலில் பாருங்கள்.

போய்க் கேட்டோம். மனிதர் அசரவேயில்லை. "கதவு கதவுதானே சார். திறக்குது, மூடுது. அப்புறம் என்ன?" என்றார். பிறகு, பழைய கதவு மொத்தமும் துரு, எடைக்குப் போட்டாச்சு என்றார். அவரிடம் வேலை செய்த பையன் ஒருவன் வெளியே டீக்கடையில் என்னிடம் தனியாக, "வெளியூர்ப் பார்ட்டி ஒருத்தர் நாலு கதவு வண்டி பண்றார் சார், அதுக்குப் போயிடுச்சு" என்றான். வேண்டியிருந்தது அவருக்கு எங்கள் வண்டி இல்லை, கதவுகள்தான். பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே கண் பின் கதவில் இருந்திருக்கிறது.

காவல் நிலையத்தில் இது சிவில் விஷயம் என்றார்கள். ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேசிஸ் எண் இருக்கும், கதவுக்கு எண் ஏது? நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன். அங்கிருந்து ஷெட்டுக்குத் தகவல் போனது, பதில் வரவில்லை. ஆகஸ்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து இணைத்திருக்கிறோம். நியூஸ்பேப்பர் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மகளே தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

இன்னொரு தடவை அனுப்ப நேர்ந்தால் என்ன செய்வேன் என்று கேட்டவர்களுக்கு: கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எதையும் அனுப்ப மாட்டேன், வெற்றுத் தகடு மட்டும். ஒவ்வொரு கதவிலும் உள்ளே தெரியாத இடத்தில் ஒரு புள்ளி குத்தி வைப்பேன். என்னென்ன போகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். பட்டி வைப்பதற்கு முன், வெறும் தகடாக இருக்கும்போது நேரில் போய்ப் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்க மாட்டேன். சொல்லாமல் போய் நிற்பேன். "நாளைக்கு வாங்க சார், இன்னைக்கு பெயிண்ட் பூத்ல இருக்கு" என்று மூன்று தடவை சொன்னால் வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

மகள் இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாள். வெல்டிங் பழகியிருக்கிறாள். போன மாதம் சேசிஸின் உளுத்த கை ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு அவளே புதிது பற்றவைத்தாள். பற்று அவ்வளவு அழகாக இல்லை. காந்தம் ஒட்டுகிறது.

நான்கு கதவு ஹெரால்டு சமீபத்தில் வாங்கியவர்களோ, இப்போது செய்துகொண்டிருப்பவர்களோ இதைப் படித்தால், இடது பின் கதவின் உள் அட்டையை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். தகட்டில் மஞ்சளில் 47 என்றும் ஒரு டிக்கும் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நீங்கள் கொடுத்த விலையையே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.