‘24 மணி நேரக் குழந்தைகள் அவசரப் பிரிவு’ என்ற பலகையை நம்பி இழந்த ஒன்றேமுக்கால் மணி நேரம்

எங்கள் மகளுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்ட இரவு கழிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. மருத்துவக் குறிப்புகளின் நகல் கைக்கு வந்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்துவிட்டதால் இத்தனை தாமதம். புகார் விசாரணையில் இருப்பதால் அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உண்டு. இரவில் அங்கே மருத்துவர் இருப்பதில்லை. 22 கிலோமீட்டர் தொலைவில் வட்ட அரசு மருத்துவமனையும், 52 கிலோமீட்டரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரவெல்லாம் விளக்கெரியும் பெரிய பலகையோடு, நான் சொல்லும் மருத்துவமனை இருக்கிறது.

மகளுக்கு அப்போது ஒரு வயது இரண்டு மாதம். மார்கழிக் குளிரில் மூன்று நாளாகச் சளியும் இருமலும் இருந்தன. அம்மா கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார், நெஞ்சில் தைலம் தேய்த்தார். (இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலம் தேய்க்கக் கூடாது என்பதைப் பிற்பாடு அரசு மருத்துவர் சொல்லித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தோம்.) அன்றிரவு 12.40 மணிக்குக் குழந்தை பால் குடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே உள்ள தோல் குழிந்து உள்ளே போனது. மருத்துவரிடம் காட்ட உதவும் என்று என் மனைவி அதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்தார். அந்தக் காணொலியைப் பல நாள் கழித்து அமைதியாக உட்கார்ந்து பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 64 மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு நிமிடத்துக்கு 40-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் எட்டினாலே அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இந்த எண்களை நான் அன்று அறிந்திருந்தால் பலகையைப் பார்த்து ஓடியிருக்க மாட்டேன், 108-க்கு அழைத்திருப்பேன்.

இரவு 1.05 மணிக்கு அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “வீசிங்தான் சார், நெபுலைசர் வைத்தால் சரியாகிவிடும்” என்றார். குழந்தை மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டேன். “சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்” என்று பதில் வந்தது. அடுத்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் இந்தப் பதிலை நான்கு முறை, மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து கேட்டேன். அவர்கள் ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று சொன்ன குழந்தை மருத்துவர் மாவட்டத் தலைநகரில் வசிப்பவர் என்பதும், வாரத்தில் மூன்று மாலைகள் மட்டுமே அங்கு வருபவர் என்பதும் பின்னர் தெரிந்தன.

நெபுலைசர் வைத்தார்கள். மேசை மீது அடுப்பு ஊதுவதுபோல் இரைந்துகொண்டிருந்த சிறு இயந்திரம் அது. அறைக் காற்றைத்தான் அது தள்ளும், ஆக்சிஜனை அன்று. முதல் முறை முடிந்ததும் முன்பணம் 10,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். இரண்டாம் முறைக்குப் பிறகு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே அறை சந்துக்கு அந்தப் பக்கம் வேறு கட்டடத்தில் இருந்தது. தொழில்நுட்பரை எழுப்பி வரவழைக்கும் வரை, திணறும் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பனியில் நாங்கள் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றோம். திரும்பி வந்து மூன்றாம் முறை, நான்காம் முறை. ஒரு ஊசியும் போட்டார்கள். இந்த நேரம் முழுவதிலும் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை என் மகளின் விரலிலோ காலிலோ யாரும் வைக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு தெருக்கோடி மருந்துக் கடையிலும் கிடைக்கிற கருவி அது. அதைப் பற்றிக் கேட்டபோது, “அது பெரியவர்களுக்கானது, குழந்தைக்குச் சரியாகக் காட்டாது” என்றார் ஒருவர். சிறு குழந்தையின் பாதத்தில் சுற்றி வைக்கும் உணரி தனியாக உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

2.30 மணிக்கு அழுகை நின்றுவிட்டது. சரியாகிக்கொண்டு வருகிறது என்று நான் நினைத்தேன். என் மனைவிதான், “இவள் தூங்கவில்லை, துவண்டு கிடக்கிறாள்” என்று சொன்னார். அதன் பிறகே மருத்துவர் வெளியே வந்து, இங்கே குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, உடனே மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வசதி இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. 52 கிலோமீட்டருக்குள் எத்தனை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இருக்க முடியும்? 1.05-க்குத் தெரிந்த அந்த உண்மையை 2.30 வரை எங்களிடம் மறைத்ததுதான் என் புகாரின் முதல் வரி.

அவசரத்தோடு அவசரமாக ஒரு தாளை நீட்டினார்கள். “மாற்றி அனுப்புவதற்கான படிவம் சார், கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும்” என்றார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு கையில் குழந்தையின் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்திட்டேன். கூட்டுறவு வங்கியில் நாள்தோறும் பிறரிடம் ‘படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்’ என்று சொல்லிப் பழகிய நான், அன்று படிக்கவில்லை. அது மாற்றி அனுப்பும் படிவம் இல்லை. மருத்துவமனைக்காரர்கள் ‘லாமா’ என்று சுருக்கிச் சொல்லும் படிவம் அது: மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக, பெற்றோரே தம் விருப்பத்தின் பேரில், விளைவுகளை அறிந்து நோயாளியை வெளியே அழைத்துச் செல்கிறார்கள் என்பது அதன் பொருள். அவர்களே போகச் சொல்லிவிட்டு, நாங்களாகவே போனதாக என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இதன் கேடு சட்டத்தோடு நிற்பதில்லை. முறையாக மாற்றி அனுப்பினால், நோயாளிக்கு என்ன மருந்து, என்ன அளவில், எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிய கடிதம் உடன் வரும். ஏற்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வதும் வழக்கம். நாங்களோ ஒரு எக்ஸ்ரே படத்தையும் பணம் கட்டிய பில்லையும் மட்டும் வைத்துக்கொண்டு போய் நின்றோம். அந்த ஊசி என்ன மருந்து என்று மருத்துவக் கல்லூரியில் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. பில்லில் இருந்த மருந்துப் பட்டியலைப் பார்த்துத்தான் அங்கிருந்த மருத்துவர் ஊகித்துக்கொண்டார்.

வண்டியும் அவர்கள் ஏற்பாடு செய்ததே. “108 வர ஒரு மணி நேரம் ஆகும், இது வாசலில் நிற்கிறது” என்றார்கள். 4,500 ரூபாய், முன்பணமாக. ஓட்டுநரோடு இன்னொரு இளைஞர் ஏறினார். செவிலியர் உதவியாளர் என்று நினைத்தேன், அவர் ஓட்டுநரின் நண்பராம். சிலிண்டரைத் திறந்து முகமூடியை மாட்டினார்கள். சிலிண்டரோடு நீர்ப் புட்டியும், அதன் மேல் ஒரு கண்ணாடிக் குழாயும் இருக்கும். குழாய்க்குள் ஒரு சிறு குண்டு மிதக்கும். எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போகிறதோ அந்தக் கோட்டின் உயரத்தில் குண்டு நிற்க வேண்டும், புட்டியில் நீர்க்குமிழி வர வேண்டும். கிளம்பும்போது குண்டு 2-இல் நின்றது. பதினைந்து நிமிடம் போயிருக்கும், குண்டு மெல்ல இறங்கி அடியில் உட்கார்ந்தது; குமிழிகளும் நின்றன. திருகைத் திருப்பிப் பார்த்தார்கள், பயனில்லை. மேலே இருந்த அழுத்தமானியின் முள் சுழியத்தை ஒட்டிக் கிடந்தது. அந்த அளவுள்ள சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் 12 மணி நேரம் வரும். பதினைந்து நிமிடத்தில் தீர்ந்தது என்றால், காலியாகும் நிலையில் இருந்த சிலிண்டரோடுதான் அந்த வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் அண்ணே” என்று ஓட்டுநர் சொன்னதை மறுத்து, வட்ட அரசு மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அன்றிரவு நான் செய்த ஒரே சரியான காரியம் அது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, இடது பாதத்தில் உணரியைச் சுற்றினார். 84 என்று காட்டியது. நல்ல நிலையில் 95-க்கு மேல் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கட்டாயம். சுவரில் இருந்த குழாயைத் திருகி மூக்கில் பொருத்தினார். எண் 88, 91, 94 என்று ஏறியதை நாங்கள் மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சீட்டு போட்டது, பெயர் கேட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான். அவரே 108-ஐ அழைத்தார். பயிற்சி பெற்ற உதவியாளரோடும் இரண்டு சிலிண்டர்களோடும் வண்டி இருபது நிமிடத்தில் வந்தது.

மருத்துவக் கல்லூரியில் ஆறு நாள் இருந்தோம். நுரையீரலின் மிகச் சிறு குழல்களில் வரும் வைரஸ் அழற்சி என்றும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குளிர்காலத்தில் பரவலாக வருவது என்றும், ஆஸ்துமாவில் கேட்பதுபோல் இது நெபுலைசருக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை என்றும் பேராசிரியர் விளக்கினார். ஆக்சிஜனும் போதிய நீர்ச்சத்தும் கொடுத்துக் கவனமாகக் கண்காணிப்பதே இதற்கு முக்கியமான சிகிச்சையாம். நான்கு முறை நெபுலைசருக்குப் பணம் வாங்கிய இடத்தில் இல்லாமல் போனது இந்த மூன்றும்தான். மகள் இப்போது நலமாக இருக்கிறாள்.

வீடு திரும்பியதும் அந்தத் தனியார் மருத்துவமனையிடம் குறிப்புகளின் நகலைக் கேட்டேன். ‘கையெழுத்துப் போட்டுப் போனவர்களுக்குத் தர மாட்டோம்’ என்றார்கள். இது பொய். நோயாளியோ அவருக்குப் பொறுப்பானவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் சொல்கின்றன; லாமா படிவத்தால் அது மாறாது. அந்த விதியைக் குறிப்பிட்டு விரைவுத் தபாலில் எழுதினேன். மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு நகல் வந்தது. அதில் இரவு 1.10 மணிக்கு ஆக்சிஜன் அளவு 96 என்று எழுதப்பட்டிருந்தது. வைக்கப்படாத கருவி காட்டிய எண்! மூச்சு எண்ணிக்கைக்கான கட்டம் காலியாக இருந்தது. என் மனைவி எடுத்த காணொலி அந்தக் கட்டத்தை நிரப்புகிறது. பதிவான நேரமும் அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் இதற்கான புகாரைக் கொடுத்திருக்கிறேன். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி உயிர் காக்கும் சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதில் மேற்கோள் காட்டினேன். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதும் 1995 முதல் தெளிவு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விசாரணையின்போது அலுவலர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உங்களைப் போல வேறு யாரிடமாவது இந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா?”

எந்த மருத்துவமனையாக இருந்தாலும், ‘போங்கள்’ என்று அவர்கள் சொன்ன பிறகு உங்கள் விருப்பத்தில் போவதாகக் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தாளின் நகலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். நகல் தரவில்லை என்றால் 72 மணி நேர விதியைச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதிய மூன்று கடிதங்களின் வாசகமும் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.