மழைக்கு ஒதுங்க ஓர் ஓவியக்கூடம்: மோட்டார் ஹோமில் நான்கு ஆண்டுகள்

2021ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நானும் என் மனைவியும் ஒரு பழைய மோட்டார் ஹோமை வாங்கினோம். பியட் டுகாட்டோ வேனை உள்ளே மாற்றியமைத்து, படுக்கை, சிறு அடுப்படி, கழிப்பறை ஆகியவற்றைப் பொருத்தியிருந்த வண்டி அது. நீளம் 5.99 மீட்டர். சுமையோடு சேர்த்து 3,500 கிலோவுக்குள் அடங்குவதால், பிரிட்டனில் சாதாரண கார் ஓட்டும் உரிமமே அதற்குப் போதும். இங்கிலாந்தின் வடக்கில் வசிக்கும் எங்களுக்கு அதை வாங்கியதில் இருந்த நோக்கம் ஒன்றுதான்: ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கும் தீவுகளுக்கும் போய், காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்ட வேண்டும். இத்தகைய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மெத்தையின் அகலத்தையும் குளிர்பெட்டியின் கொள்ளளவையும் விரிவாகவே எழுதிவிட்டார்கள். ஈரத்தாளை மடியில் வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் அதற்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, மேற்குக் கரையின் மலைகளில் ஏறியதும் தன் ஈரத்தை எல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. மேற்கு மலைப்பகுதியின் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதே நாட்டின் கிழக்குக் கரையிலோ 700 மில்லிமீட்டரைக்கூட எட்டாத ஊர்கள் உண்டு. மழை பெய்வது கூடப் பெரிய துன்பமில்லை. அது நின்று நின்று பெய்வதுதான் துன்பம். முன்பெல்லாம் விடுதியில் தங்கி, காலையில் காரில் கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் முடங்கிக் கிடந்துவிட்டு, பசியும் குளிருமாகத் திரும்பிவிடுவோம். திரும்பிய பத்தாவது நிமிடத்தில் வெயில் அடிக்கும். மோட்டார் ஹோம் எங்களுக்குச் செய்து தந்த பெரிய உதவி தொலைதூரம் கூட்டிப்போனதன்று, ஒரே இடத்தில் காத்திருக்க விட்டதுதான்.

ஸ்கை தீவின் எல்கோல் கிராமத்தில் கழிந்த ஒரு மே மாத நாளைச் சொன்னால் இது விளங்கும். பிராட்ஃபோர்டிலிருந்து ஒற்றைத் தடச் சாலை ஒன்று அங்கே போகிறது. அதன் முடிவில் கடல். கடலுக்கு அப்பால் கேப்ரோ என்ற கரும்பாறையால் ஆன கூலின் மலைத்தொடர். அந்த மலைகளுக்குள் மறைந்திருக்கும் கோருஸ்க் ஏரியைப் பார்க்க ஓவியர் டர்னர் 1831இல் வந்திருக்கிறார். பாறை எது, மேகம் எது என்று பிரிக்க முடியாதபடி சுழன்றெழும் அவருடைய நீர்வண்ண ஓவியம் எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்தபோது மிகைப்படுத்தியிருக்கிறார் என்றே நினைத்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் போய் நின்றபோது மலையே இல்லை. சாம்பல் நிறத் திரை ஒன்றுதான் தொங்கியது. தேநீர் குடித்தோம், மனைவி ரசம் வைத்தாள், நான் பென்சிலால் படகுத்துறையை மட்டும் வரைந்து வைத்தேன். ஒன்றரை மணிக்கு மேகத்தின் அடி விளிம்பு மெல்லத் தூக்கிக்கொண்டது. கறுத்த பற்கள் போல உச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கதவைத் திறந்து நாலடி வைத்தால் நாற்காலி. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பலை வானத்திலிருந்து மலையடி வரை ஒரே வாஷாக, அதாவது நீர்த்த வண்ணத்தின் ஒரே பூச்சாக, இறக்கி முடித்த நேரத்தில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. பாசிப்பயறு அளவுள்ள கட்டிகள் ஈர வண்ணத்தில் விழுந்து, விழுந்த இடத்திலெல்லாம் நிறமியை ஓரத்துக்குத் தள்ளி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டன. தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அந்தப் பூக்களை நான் அழிக்கவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால், மலைச்சரிவில் சாரல் அடிப்பது போலவே இருந்தது. டர்னரைப் பற்றிய என் கருத்தையும் அன்றே மாற்றிக்கொண்டேன்.

ஆனால் காய்வது என்பது இந்த வண்டியில் தனிக்கதை. நீர்வண்ணம் முழுக்க முழுக்க ஆவியாதலை நம்பிய கலை. முதல் வாஷ் காய்ந்தால்தான் அதன் மேல் அடுத்ததைத் தெளிவான விளிம்போடு போட முடியும். காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும் நாளில், வெயிலில் பத்து நிமிடத்தில் காயும் வாஷ் முக்கால் மணி நேரம் ஆகியும் பளபளத்துக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டில் நான் செய்த முட்டாள்தனம், எரிவாயு அடுப்பைப் பற்றவைத்து அதன் மேலாகத் தாளைக் காட்டியது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும் என்ற பள்ளிக்கூட வேதியியல் அப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணாடிகளில் நீர் வழிந்தது, தாள் காயவில்லை. புகையை வெளியே தள்ளிவிட்டுச் சூடான காற்றை மட்டும் உள்ளே ஊதும் டீசல் சூடேற்றியை இரண்டாம் ஆண்டு பொருத்தினோம். வண்டிக்கு நாங்கள் செய்த செலவுகளில் ஓவியத்துக்கு உண்மையாகவே உதவியது இது ஒன்றுதான். அதன் காற்றுத் துவாரத்திலிருந்து இரண்டடி தள்ளி, நான்கு பக்கமும் ஒட்டப்பட்ட தாள்கட்டைச் சாய்த்து வைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மிக நெருக்கமாக வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து தாள் அலையலையாகிவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 ஜிஎஸ்எம்) எடையுள்ள பருத்தித் தாளுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அனுபவம். மலிவுத் தாள் இந்த ஈரத்தில் இரண்டாவது வாஷுக்கே நூல்நூலாக எழும்பிவிடும்.

தாளை வைக்கும் இடமும் முக்கியம். இருவர் உறங்கும் இரவில் மூச்சிலிருந்து மட்டுமே அரை லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் ஒட்டும். படுக்கைக்கு அடியில் நான் அடுக்கியிருந்த இருபது தாள்களில் முதல் குளிர்காலத்திலேயே பூசணப் புள்ளி விழுந்துவிட்டது. அந்தப் புள்ளிகள் முதலில் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பட்ட பிறகே அங்கங்கே கறையாகக் குடித்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். இப்போது மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, தரையிலிருந்து உயரத்தில் தாள்களை வைக்கிறேன்.

வெளியே போகவே முடியாத நாளில் உள்ளிருந்தே தீட்டலாமே என்று பலரும் கேட்பார்கள். தீட்டலாம், ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. பக்கவாட்டு ஜன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை, அதிலும் எங்கள் வண்டியில் லேசான சாம்பல் சாயம் ஏற்றப்பட்டவை. அவற்றின் வழியாகப் பார்த்துத் தீட்டிய புல்வெளிகளை வீட்டில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே அழுக்குப் பச்சையாக இருந்தன. உள்ளே இருந்த மஞ்சள் நிற எல்இடி விளக்குகளும் தம் பங்குக்கு நீலத்தைக் கெடுத்தன. அவற்றைப் பகல் ஒளி விளக்குகளாக மாற்றியதில் பாதிக் குறை தீர்ந்தது. உள்ளிருந்து தீட்டும்போது இப்போது ஒரே ஒரு கருஞ்சாம்பல் வண்ணத்தில் ஒளியும் நிழலும் மட்டும் பிடிக்கிறேன்; மழை சற்று விடும்போது கதவைத் திறந்து பார்த்து நிறங்களை ஓரத்தில் சொல்லால் எழுதிக்கொள்கிறேன். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களைத் தீட்டியபோது தாளின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அந்தப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். மழைக்குத் தமிழில் தூறல், சாரல் என்று வகைவகையாகப் பெயர் இருப்பதால் குறிப்பெழுத வசதியாகவும் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர், முகத்தில் மட்டும் படிகிற மெல்லிய தூறலை ஸ்மர் என்றும் கிழக்குக் கரையில் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியை ஹார் என்றும் அழைக்கிறார்கள்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓவியக் குடை என்று விற்கப்படும் பொருளை நான் இரண்டு முறை வாங்கி இரண்டு முறை தொலைத்தேன். கடற்கரையில் அது குடை அன்று, பாய்மரம். ஹாரிஸ் தீவில், லஸ்கென்டைர் மணல்வெளிக்கு அருகில், வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் பந்தல் துணியை வெயிலுக்காக விரித்து வைத்தோம். எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு வீச்சு அதன் அலுமினியக் கையை முறுக்கிவிட்டது. அன்றோடு அதை விரிப்பதில்லை. வண்டியின் உடலே போதுமான தடுப்பு. காற்றுக்கு மறைவான பக்கத்தில், சக்கரத்தை ஒட்டி, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து மடியிலேயே தீட்டுவது நின்று தீட்டுவதைவிட மேல். நின்றே ஆக வேண்டுமானால் ஓவியத் தாங்கியின் நடுவே கல் நிரப்பிய பையைத் தொங்கவிட வேண்டும். கிழக்குக் கரையின் கேட்டர்லைன் கிராமத்தில் ஓவியர் ஜோன் எயர்ட்லி 1950களிலும், 1963இல் இறக்கும் வரையிலும், புயல் நேரத்தில் கடற்கரையில் நின்று ஆளுயரப் பலகைகளில் தீட்டினார். பலகையை நிறுத்த நங்கூரமும் கயிறும் வேண்டியிருந்தன. அவருடைய வண்ணப் பூச்சில் மணலும் புல்விதையும் ஒட்டிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். நான் அந்த ஊருக்கு ஒரு மார்ச் மாதம் போய் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தேன். பிறகு விரல் மடங்கவில்லை.

அப்படியென்றால் காற்றில்லாத நாள் நல்ல நாள்தானே என்றால், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அதுதான் மிக மோசமான நாள். மேட்டுநில மிட்ஜ் என்னும் பொடிக்கொசு, காற்று மணிக்குப் பதினொரு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் கூட்டமாக எழும்பும். ஈஸல் என்று ஆங்கிலத்தில் சொல்லும் தாங்கியைத் தமிழில் ஈசல் என்று எழுதக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். மழைக்குப் பிறகு ஈசலைச் சுற்றி எதுவோ பறந்தது என்றால் யாருக்கு என்ன புரியும்? ஒரு ஜூன் மாலை, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்த அமைதியான ஏரிக்கரையில், எண்ணெய் வண்ணத்தில் நான் தீட்டிய வானத்தில் நூற்றுக்கணக்கான மிட்ஜுகள் ஒட்டி, வேறு யாரோ கரும்புள்ளி வைத்து நிரப்பியது போல ஆகிவிட்டது. எண்ணெய் வண்ணத்தின் மேல் மழைத்துளி உருண்டு ஓடிவிடும் என்பது அதன் வசதி. ஆனால் வாரக்கணக்கில் காயாத பலகைகளை ஓடுகிற வண்டியில் கொண்டுபோக மேலும் ஒரு பெட்டி, மேலும் எடை, மேலும் வாசனை. நான் அதைக் கைவிட்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். ஐரோப்பிய நிலப்பகுதிக்காகச் செய்யப்பட்ட அமைப்பு என்பதால் எங்கள் வண்டியின் நகர்கதவு வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் சாலையோரம் நிறுத்தினால் கதவு போக்குவரத்தை நோக்கித் திறக்கும். காட்சியோ பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூரை ஜன்னலின் ஓரப் பசை மூன்றாம் ஆண்டில் விட்டுப்போய், உள்ளே நீர் இறங்கிப் பலகை ஊறிய பிறகே தெரிந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஈரமானியால் சுவரையும் கூரையையும் சோதிக்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம். எடை வரம்பும் நினைப்பதைவிட விரைவில் எட்டிவிடும்: நீர்த்தொட்டி நிறைந்தாலே நூறு கிலோ, அதன் மேல் பலகைகள், தாள்கள், கல்பை.

இரவில் நிறுத்துவதிலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நடந்து போகிறவருக்கும் கூடாரம் போடுகிறவருக்கும் தரும் உரிமை மோட்டார் வண்டிகளுக்குப் பொருந்தாது. ஒற்றைத் தடச் சாலைகளில் எதிர்வண்டிக்கு வழிவிட அமைத்த ஒதுங்குமிடத்தில், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஐந்து நிமிடம்கூட நிறுத்தக் கூடாது. நல்ல காட்சிகளில் பாதியை நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டே இழந்திருக்கிறேன். அவற்றுக்கு மிதிவண்டியோ நடந்து போவதோதான் வழி.

இப்போது மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே நீளத்தில், கதவு இடப்பக்கம் உள்ள, பின்கதவுகள் இரண்டும் முழுதாகத் திறக்கும் வண்டியை வாங்குவேன். பின்கதவு திறந்தால் கூரையின் கீழேயே உட்கார்ந்து, சாயமற்ற காற்று வழியாக, கால் நனையாமல் தீட்ட முடியும். எங்கள் வண்டியில் அங்கே கழிப்பறை இருக்கிறது. போகும் மாதம் ஏப்ரல் கடைசியோ மே தொடக்கமோதான்: மேற்கில் மழை ஓரளவு குறைந்திருக்கும், மிட்ஜ் இன்னும் எழுந்திருக்காது, உச்சிகளில் கொஞ்சம் பனியும் மிச்சமிருக்கும். வரும் ஏப்ரலுக்குப் படகுச்சீட்டு எடுத்துவிட்டோம். அதற்கு முன் கூரை ஜன்னலுக்குப் புதுப் பசை போட வேண்டும்.