பழைய சின்ன காருக்கு எந்த பேட்டரி? தண்ணீர் ஊற்றுவதா, மூடியே இருப்பதா?

பழைய சின்ன காருக்கு பேட்டரி தேடினால் மூன்று வகை முன்னால் நிற்கும்: டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் சாதாரண பேட்டரி, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய மெயின்டனன்ஸ் ஃப்ரீ, ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம். மூன்றுமே 6 செல் கொண்ட 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள்தான்.

ஏஜிஎம்மை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் கார்களுக்கு அது நல்ல பேட்டரி. பழைய காரில் அந்தக் கூடுதல் விலைக்கு வேலையே இல்லை.

மெயின்டனன்ஸ் ஃப்ரீயில் தண்ணீர் மிக மெதுவாகத்தான் குறையும், கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் உப்புப் பூப்பதும் குறைவு. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக இருந்து, வண்டி தினமும் ஓடினால் அது போதும். ஆனால் பழைய காரில் அந்த 'ஒழுங்காக' என்பதுதான் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அந்த வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு 15-ஐத் தாண்டினால், உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போய்விடும். மூடிய பேட்டரியில் அது வெளியே தெரியாது, திரும்ப ஊற்றவும் வழியில்லை. சாதாரண பேட்டரியிலோ மட்டம் மளமளவென்று இறங்குவதே, சார்ஜிங்கைப் பார் என்று சொல்லிவிடும். அதனால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. மாதம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி விட்டால் அவை கெட்டுவிடும், அப்புறம் ஊற்றியும் பெரிய பலன் இருக்காது. பார்க்க நேரமில்லை என்பவர் யோசிக்காமல் மெயின்டனன்ஸ் ஃப்ரீ வாங்கலாம். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? செல்ஃப் திணறினால் முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பிறகு ஓர் இரவு வண்டியை நிறுத்தி வைத்து அளந்து பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முழுதாக சார்ஜ் ஏற்றியும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

புதியதில் ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) சற்றுக் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. ஆனால் தட்டில் உட்கார வேண்டும், பாசிட்டிவ் முனை பழையது இருந்த பக்கமே இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள் எட்டாது. தயாரிப்பு மாதத்தையும் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி, புதியதாகவே இருந்தாலும் பாதி ஆயுளைத் தொலைத்திருக்கலாம்.