ரோமிங்கை மூடிவிட்டுச் சென்னையில் 18 நாள்: வைஃபை கோல் எப்படி இருந்தது?

அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகச் சென்னைக்குப் போய், நுங்கம்பாக்கத்தில் ஒரு லொட்ஜில் 18 நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். அந்த 18 நாளும் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிற அப்பாவோடு காலையும் மாலையும் கதைத்தோம், அபுதாபியில் வேலை செய்கிற தம்பியோடு இரவில் கதைத்தோம், களுவாஞ்சிக்குடிப் பெரியம்மாவும் எங்களை விடவில்லை. எல்லாமே லொட்ஜ் வைஃபையில், வாட்ஸ்அப் மாதிரியான செயலிகளில்தான். அறை வாடகைக்கு மேல் கதைப்பதற்கென்று ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று நாளும் பட்ட பாடு கொஞ்சமல்ல, காரணம் முன்னமே தெரிந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் இந்தியா போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

2019இல் திருச்சிக்குப் போனபோது ரோமிங் போட்டுக்கொண்டுதான் போனேன். எங்கள் சிம் வேறு நாட்டு டவரில் ஏறி நிற்கும், அந்த நாட்டுக் கம்பனி எங்கள் கம்பனியிடம் கேட்கும், எங்கள் கம்பனி எங்களிடம் கேட்கும், ரோமிங் என்பது இவ்வளவுதான். நாம் எடுக்கிற கோலுக்கு மட்டுமில்லை, ஊரிலிருந்து நமக்கு வருகிற கோலுக்கும் காசு வெட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைவிட மோசம் டேட்டா. நான் ஒன்றுமே பார்க்கவில்லை, போன் தன்பாட்டில் படங்களை ஏற்றிக்கொண்டும் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் போட்டிருந்த ரீலோட் முழுவதும் போய்விட்டது. கம்பனியின் பெயரைச் சொல்ல வரவில்லை, ரோமிங்கை மூடாமல் போனால் எந்தச் சிம்மிலும் இது நடக்கும்.

எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டுக் கோல் என்பது பெரிய விசயம். சித்தப்பா சவூதியில் இருந்த காலத்தில் அம்மம்மா கசெட்டில் பேசி, ஊருக்கு வந்துபோகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவா. அதற்குப் பிறகு கொமினிகேஷன் கடை வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதைக்கும்போது எதிரில் மீட்டர் ஓடும், அம்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டே கதைப்பா, சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே வைத்துவிடுவா. அந்தப் பழக்கம் அவவுக்கு இன்னும் போகவில்லை. சென்னையிலும் முதல் நாள் அப்பாவோடு இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு, "காணும் மனே, காசு போகும்" என்று போனை என்னிடம் நீட்டினா.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பிரதானமாகப் பாவித்தது வாட்ஸ்அப். குரல் கோல் 2015இல் வந்தது, வீடியோ 2016இல். ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது என்பதே அதன் முதல் பலம், அப்பாவுக்குப் புதிதாக ஒன்றும் பழக்கத் தேவையில்லை. இன்னொன்று, சிம்மை மாற்றினாலும் கழற்றினாலும் வாட்ஸ்அப் பழைய இலங்கை இலக்கத்திலேயே வேலை செய்யும். செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஏனென்றால் அப்போது இலங்கை இலக்கத்துக்குச் சரிபார்க்கும் குறியீடு வரும், சிம் இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். லொட்ஜ் வைஃபையில் கதைத்தால் நடுவில் யாரும் கேட்பார்களோ என்று மச்சான் கேட்டார். வாட்ஸ்அப் கோல்கள் 2016இலிருந்து இரண்டு முனைக்கும் இடையில் பூட்டித்தான் போகின்றன, ரூட்டர் வைத்திருக்கிறவருக்கு ஒன்றும் கேட்காது.

டேட்டாவும் சொல்லுகிற அளவுக்குப் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப் அமைப்பில் எவ்வளவு போனது என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. என் போனில் ஒரு மணி நேரக் குரல் கோலுக்கு 30 எம்பி அளவில் போயிருந்தது. வீடியோ என்றால் அரை மணி நேரத்துக்கே 150 எம்பியைத் தாண்டியது. அதே இடத்தில் கோலுக்குக் குறைந்த டேட்டா எடுக்கச் சொல்லும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வைஃபை மெலிந்த இடத்திலும் குரல் ஓரளவு நிற்கிறது.

பிறகு ஏன் முதல் மூன்று நாளும் பாடு? அம்மா பேசினால் அப்பாவுக்கு விட்டுவிட்டுக் கேட்டது, அப்பா பேசினால் எங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் லொட்ஜைக் குற்றம் சொன்னேன். வேகம் பார்த்தால் நன்றாகத்தான் காட்டியது. பிறகுதான் விளங்கியது, குரல் கோலுக்கு வேகம் பெரிதாக வேண்டாம், ஒரு செக்கனுக்கு 100 கிலோபிட்டே காணும். ஆனால் அது இரண்டு பக்கமும் தடங்கலில்லாமல் ஒரே சீராகப் போய்வர வேண்டும். படம் பார்க்கும்போது போன் முன்கூட்டியே கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும், நடுவில் நின்றாலும் தெரியாது. கதைக்கிறதை முன்கூட்டியே இழுத்து வைக்க முடியுமா? அரைச் செக்கன் தடங்கினாலும் அந்தச் சொல் போனதுதான்.

லொட்ஜில் ரூட்டர் இரண்டாம் மாடி நடையில் இருந்தது, எங்கள் அறை மூன்றாம் மாடியின் கடைசியில். இடையில் ஒரு கொங்கிரீட் தட்டும் மூன்று சுவரும். இரவு எட்டு மணிக்கு லொட்ஜில் இருக்கிற அத்தனை பேரும் படம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ரூட்டரில் இரண்டு பெயர் காட்டினால் ஒன்று 2.4, மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். தூரத்து அறைக்கு 2.4தான் சுவர் தாண்டி வரும், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்றால் 5 நல்லது. நான் மூன்று நாளும் அறைக்குள் இருந்து 5இல் தொங்கிக்கொண்டிருந்தேன். மாற்றினதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மற்றப் பாதி கல்லடியில் இருந்தது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வெளிநாட்டில் வைஃபை எப்படி, சிம் எப்படி என்று நூறு பேர் சொல்வார்கள், வீட்டில் எடுக்கிறவருடைய பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, ரூட்டர் முன் ஹோலில். அப்பா இருக்கிறது பின் விறாந்தையில், காற்று வருகிற இடம், அங்கேதான் கதைப்பார். அங்கே வைஃபை ஒரு கோடுதான். அது மெலிந்ததும் போன் தன்பாட்டில் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறது, தாவுகிற நேரம் கோல் வெட்டும், அதோடு அவருடைய டேட்டா பக்கேஜும் நாலாம் நாளே முடிந்துவிட்டது. வைஃபை மெலிந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிற அமைப்பு பல போன்களில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு அதை நிறுத்தச் சொன்னேன், அப்பாவை ஹோலில் கதிரை போட்டு இருக்கச் சொன்னேன். அன்று மாலை அம்மா 40 நிமிடம் கதைத்தா, மாமாங்கக் கோயிலில் யாரைக் கண்டது என்பதிலிருந்து கோழிக்குத் தவிடு முடிந்தது வரைக்கும்.

கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அதையும் சொல்ல வேண்டும். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் ரூட்டருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினோம், இந்தப் பயணத்தில் இரண்டு தரம் அது கைகொடுத்தது. பயணம் போகிறவர்கள் போக முதல் வீட்டில் அப்படி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போவது நல்லது.

இனித் தம்பி. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் கோல் வேலை செய்யாது. எழுத்து போகும், குரல் பதிவு போகும், படம் போகும், கோல் மட்டும் ஏறாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் இணையக் கோல் எடுக்கலாம், எங்கள் ஆட்கள் அதிகமாகப் பாவிப்பது போட்டிம் (BOTIM). 2020இல் கொரோனா வந்தபோது படிப்புக்கும் வேலைக்குமென்று சூம், டீம்ஸ் இரண்டையும் திறந்துவிட்டார்கள். கட்டாரிலும் வாட்ஸ்அப் கோலுக்கு வருடக்கணக்காகத் தடை இருந்தது. விபிஎன் (எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைத்து இணையத்துக்குள் போகிற செயலி) போட்டுக் கதைக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள், அதைக் கேட்காதீர்கள். எமிரேட்ஸ் சட்டத்தில் விபிஎன்னைக் குற்றத்துக்குப் பாவித்தால் அபராதம் 5 இலட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. ஒரு கோலுக்காக ஒரு பிள்ளையின் வேலையையும் விசாவையும் பணயம் வைக்க முடியாது.

ஆகவே போக முதலே என் போனிலும் அப்பாவின் போனிலும் போட்டிம் போட்டோம். கல்லடியில் வைத்தே தம்பிக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டோம், அது நல்ல வேலை. நேரம் ஒரு சிக்கல்: இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம், எமிரேட்ஸ் ஒன்றரை மணி நேரம் பின்னால். தம்பி வேலை முடித்து அறைக்கு வரும்போது எங்களுக்கு எட்டு மணி தாண்டிவிடும், அதாவது லொட்ஜ் முழுவதும் படம் பார்க்கிற அதே நேரம். அம்மாவைக் கைபிடித்து இரண்டாம் மாடி நடைக்குக் கூட்டிவந்து, ரூட்டருக்கு நேர் கீழே ஒரு கதிரையில் இருத்திக் கதைக்க வைத்தேன். லொட்ஜ் பெடியன் முதல் நாள் ஒரு மாதிரிப் பார்த்தான், இரண்டாம் நாள் கதிரையை அவனே கொண்டுவந்து போட்டான். கண் கட்டு அவிழ்த்த அன்று தம்பி வீடியோவில் வந்தான். "என்னைத் தெரியுதா அம்மா?" என்று கேட்டான், "தாடிய வழி மனே" என்றா.

பெரியம்மாவிடம் ஸ்மார்ட் போன் இல்லை, வீட்டில் 065இல் தொடங்குகிற லேண்ட்லைன்தான். முன்பு இப்படியானவர்களுக்கு ஸ்கைப்பில் காசு போட்டு எடுப்போம். 2003இல் வந்த ஸ்கைப்பை 2025 மே மாதம் மைக்ரோசொஃப்ட் மூடிவிட்டது. இப்போது அந்த வேலைக்கு வைபர் அவுட் இருக்கிறது, முதலே காசு போட்டு வைத்தால் சாதாரண இலக்கத்துக்கும் எடுக்கலாம், நிமிடக் கணக்கில் வெட்டும். நாங்கள் அதற்கும் போகவில்லை. அப்பா எங்களோடு வாட்ஸ்அப்பில் இருந்தபடி வீட்டு லேண்ட்லைனில் பெரியம்மாவுக்கு எடுத்து, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் எதிரொலித்தது, ஆனால் அக்காவும் தங்கச்சியும் ஒருவர் முடிக்க மற்றவர் என்று பழகிவிட்டார்கள்.

குறை என்று பார்த்தால் பெரிய குறை ஒன்று உண்டு: லொட்ஜை விட்டு இறங்கினால் நீங்கள் யாருக்கும் இல்லை. ரயில் நிலையத்தில் வைஃபை இருக்கிறது, ஆனால் உள்ளே போக இந்திய இலக்கத்துக்கு ஓடிபி வரும், எங்களிடம் இந்திய இலக்கம் இல்லை. இந்தியச் சிம் எடுக்கக் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம் எல்லாம் கொடுக்க வேண்டும். நான் 18 நாள்தானே என்று விட்டுவிட்டேன். ஒப்பரேஷன் அன்று ஐந்து மணி நேரம் வெளியில் காத்திருந்தேன், அப்பா கல்லடியில் போனைப் பார்த்தபடியே இருந்திருக்கிறார், ஒரு செய்தியும் இல்லை. பிறகு பக்கத்தில் இருந்த ஒரு கும்பகோணத்து அக்கா தன் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத் தந்தா. "எடுங்க தம்பி, முதல்ல ஊருக்குச் சொல்லுங்க" என்றா. அவவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நோயாளியோடு தனியாகப் போகிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம், கோலுக்கு வைஃபை இருந்தாலும் வெளியில் பாவிக்கவென்று ஒரு உள்ளூர்ச் சிம்மை எடுத்துவிடுங்கள்.

அவசர இலக்கங்களும் இந்தச் செயலிகளில் ஏறாது. வாட்ஸ்அப்பிலிருந்து இந்தியாவின் 112ஐயும் எடுக்க முடியாது, அங்கிருந்தபடி அப்பாவுக்காக எங்கள் 1990 அம்புலன்ஸையும் எடுக்க முடியாது. அதனால் கல்லடியில் இரண்டு வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் இலக்கத்தை முதலே பதிந்துகொண்டு போனேன், நல்லவேளை தேவைப்படவில்லை.

வங்கி ஓடிபி இன்னொரு தலையிடி. போனை விமான நிலையில் (ஃப்ளைட் மோட்) போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைத்திருந்தால் ரோமிங் ஒரு சதமும் வெட்டாது, ஆனால் எஸ்எம்எஸ்ஸும் வராது. தேவைப்பட்ட இரண்டு நாளும் டேட்டா ரோமிங்கை நிறுத்தி வைத்தபடி விமான நிலையை எடுத்தேன், ஓடிபி வந்ததும் திரும்பப் போட்டேன், இடையில் வந்த கோல் ஒன்றையும் எடுக்கவில்லை. உங்கள் சிம்மில் வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருமா, அதற்குக் காசு உண்டா என்று போக முதல் கேட்டு வையுங்கள்.

ஆறு மாதத்தில் மற்றக் கண்ணுக்குத் திரும்பப் போக வேண்டும். அதே லொட்ஜ்தான். அறை இரண்டாம் மாடியில், நடைக்குப் பக்கத்தில் வேண்டும் என்று லொட்ஜ் பெடியனுக்கு வாட்ஸ்அப்பில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், சிம்முக்குக் கொடுக்க அம்மாவும் நானும் படமும் எடுத்து வைத்துவிட்டோம்.