பிளாஸ்டிக் கலந்த கல்லை நம்பி 81,000 ரூபாய் போச்சு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு கட்டுறவங்க படிங்க

நேத்து சாயங்காலம்தான் லேப் ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன். அடங்கிட்டா "நம்ம தலையெழுத்து"ன்னு விட்டுடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நான் காரிமங்கலம் பக்கம். அப்பா அம்மாவுக்குப் பழைய ஓட்டு வீட்டை ஒட்டி ரெண்டு ரூம், ஒரு மாட்டுக் கொட்டாய், முன்னால மதில். செவுத்துக்கு 6 இன்ச் சாலிட் கல் (உள்ளே ஓட்டை இல்லாத கான்கிரீட் கல்) 2,400 வேணும்னு மேஸ்திரி கணக்குப் போட்டார். எங்க பக்கம் கல் 40 ரூபாய். பழைய பைக்ல இருந்து டிராக்டர் வரைக்கும் விக்கிற ஆப் ஒண்ணுல தேடினேன். "மறுசுழற்சி பிளாஸ்டிக் கலந்த கான்கிரீட் கல், எடை கம்மி, உறுதி அதிகம், 31 ரூபாய்"னு விளம்பரம். 2,400 கல்லுக்கு 21,600 மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டவன்தான் நான், மறைக்க ஒண்ணும் இல்ல.

விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டல. அப்பாவையும் கூட்டிக்கிட்டு நேர்லயே போனேன். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போற வழியில உள்ளே தள்ளி ஒரு பட்டறை. மூட்டை மூட்டையா நறுக்கின பிளாஸ்டிக், பால் கவர், பிஸ்கட் கவர் எல்லாம். முதலாளிக்கு என் வயசுதான் இருக்கும். அப்பாவை "அப்பா"ன்னே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இந்த வருஷம் மாங்கா எப்படின்னு கேட்டார். அப்புறம் ஒரு சாதா கல்லையும் அவரோட கல்லையும் இடுப்பு உயரத்துல இருந்து கீழே போட்டார். சாதா கல் ரெண்டாப் பொளந்துச்சு. இவரோடது மூலை மட்டும் சிதறி அப்படியே கிடந்துச்சு. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்குது, எழுதிக்கோ"ன்னார். நான் விழுந்த இடம் அதுதான்.

செவுத்துல பேப்பர் கட்டிங் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக் ரோடு போட்டதுக்காக 2018-ல பத்மஸ்ரீ வாங்கினவர். "அதே டெக்னாலஜிதாண்ணா"ன்னார். டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணும் வாட்ஸப்ல அனுப்பினார், சீல் எல்லாம் இருந்துச்சு. நான் பார்த்தது சீலை மட்டும்தான். "நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நான் எங்கண்ணா போகப் போறேன்?" இந்த வார்த்தை இன்னும் காதுல நிக்குது.

முன்பணம் 50,000 அங்கேயே ஜிபேல போட்டேன். கம்பெனி பேருக்கு இல்ல, ஏதோ ஒரு அம்மா பேருக்குப் போச்சு. "வீட்டுக்காரங்க அக்கவுண்டுண்ணா"ன்னார். மீதி 24,400, லாரி வாடகை 6,600, ரெண்டும் சேர்த்து 31,000. அதை வாங்காம கல்லை இறக்க மாட்டேன்னு டிரைவர் வாசல்ல வண்டியை நிறுத்திட்டார். கட்டினேன். ஆக மொத்தம் 81,000. பில்லு கேட்டதுக்கு கொட்டேஷன் பேப்பர்தான் வந்துச்சு.

நாலு வரிசை ஏத்தின பிறகு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஆணியால கல்லைக் கீறிக் காட்டினார். மண்ணு மாதிரி உதிருது. உடைஞ்ச இடத்துல விரலை விட்டா பால் கவர் துண்டு அப்படியே உருவிக்கிட்டு வருது, சிமெண்டு ஒட்டவே இல்ல. "தம்பி, இது மேல தளம் போடச் சொல்லாதீங்க, நான் போட மாட்டேன்"னார். தினக்கூலி போகுதேன்னு பார்க்காம வேலையை நிறுத்தின மனுஷன் அவர்.

போன் போட்டேன். முதல் நாள் "லோடு ஏத்திக்கிட்டு இருக்கேண்ணா, சாயங்காலம் கூப்பிடுறேன்". மறுநாள் "உங்க மேஸ்திரிக்குப் புது மெட்டீரியல் பத்தித் தெரியாதுண்ணா". மூணாவது நாள் "நீங்க தண்ணி சரியா விடல". கல்லுக்குத் தண்ணி விட வேண்டியது பட்டறையில, விக்கிறதுக்கு முன்னாடி! அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து "சார் வெளியூர்ல இருக்காரு"ன்னுச்சு. இப்போ என் நம்பர் பிளாக். ஆப்ல புகார் கொடுத்தா, "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்க மட்டுமே செய்கிறோம்"னு பதில் வருது. மூணு தடவை எழுதினேன், மூணு தடவையும் அதே வரி, ஒரு எழுத்து மாறல. பேங்க்ல "நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானே சார்". 81,000 ரூபாய்க்கு எல்லாரும் சேர்ந்து கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

தங்கச்சி வீட்டுக்காரர் சிவில் படிச்சவர். அவர்தான் சொன்னார்: "மச்சான், ரோடு வேற, கல்லு வேற. ரோட்டுல சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக்கைப் போட்டா உருகி ஜல்லியைச் சுத்திப் படியும், தாரு அதைப் பிடிச்சுக்கும். சிமெண்டுல எதுவும் உருகாது. பிளாஸ்டிக் தண்ணியை ஒட்ட விடாது, சிமெண்டும் அதைப் பிடிக்காது. பாரம் ஏறினா ஒவ்வொரு துண்டும் கல்லுக்குள்ள ஒரு ஓட்டை மாதிரிதான்." கீழே போட்டப்போ ஏன் உடையலன்னு கேட்டேன். கவர் துண்டு நார் மாதிரி இழுத்துப் பிடிக்கும், அதனால சிதறாதாம். செவுத்துக்கு வேண்டியது அமுக்குற பாரத்தைத் தாங்குற பலம். ரெண்டும் வேற வேற. அந்த ஆளுக்கு இது தெரியாமலா டீ கொடுத்துட்டுக் கல்லைக் கீழே போட்டுக் காட்டினான்?

பிளாஸ்டிக்கைக் கான்கிரீட்ல போடவே கூடாதுன்னு தங்கச்சி வீட்டுக்காரர் சொல்லல. இங்கிலாந்து பாத் பல்கலைக்கழகமும் கோவா பொறியியல் கல்லூரியும் சேர்ந்து 2018-ல பார்த்ததுல, மணல்ல 10 சதவீதத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் போடலாம்னு சொல்லியிருக்காங்களாம். அது மணல் அளவுக்கு அரைச்சு, அளந்து போடுறது. இங்க குப்பையை அள்ளிக் கொட்டியிருக்கான்.

லேப்ல எட்டுக் கல் கொண்டு வரச் சொன்னாங்க. அமுக்குற பாரத்தைத் தாங்குற பலம் சராசரியா சதுர மில்லிமீட்டருக்கு 1.9 நியூட்டன். சாலிட் கல்லுக்கு ஐ.எஸ். 2185 (இந்தியத் தர விதி) கேக்கிறது, சின்ன கிரேடுக்கே 4. பாதி கூட இல்ல! அந்த வாட்ஸப் ரிப்போர்ட்டை லேப்காரர் பார்த்துட்டுச் சிரிச்சார். மேலயே ஐ.எஸ். 15658-னு போட்டிருக்கு. அது தரையில பதிக்கிற பேவர் கல்லுக்கான நம்பராம். கீழே பொடி எழுத்துல "வாடிக்கையாளர் கொண்டு வந்த மாதிரிக்கு மட்டும்"னு வேற இருக்கு. எவனோ எப்பவோ கொடுத்த வேற கல்லு. நான் பத்தாவதுக்கு மேல படிச்சவன்தான், ஒரு தடவை கூட அதைத் திறந்து முழுசாப் படிக்கல.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன். இப்போ நேரமில்ல. ரிப்போர்ட்ல எந்தக் கல்லு, எந்த ஐ.எஸ். நம்பர்னு படிங்க. லோடுல இருந்து நீங்களே கல்லை எடுத்து லேப்ல கொடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் மீதிப் பணம் தராதீங்க. ஜி.எஸ்.டி. பில் இல்லாட்டி வேண்டாம். கீழே போட்டுக் காட்டினா கும்பிட்டுட்டுக் கிளம்பிடுங்க. ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க, நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கினதுக்குப் புகார் கட்டணம் இல்லையாம். நான் திங்கக்கிழமை தர்மபுரி போறேன்.

கட்டின நாலு வரிசையையும் இன்னைக்குக் காலையில இடிச்சாச்சு. இடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகல. அப்பா ஒரு வார்த்தை பேசல, "எழுதிக்கோ"ன்னு சொன்னது அவருக்கு உறுத்துது போல. இப்போ 40 ரூபாய் கல்லு லோடு வந்து நிக்குது, இறக்க ஆள் கூப்பிடுறாங்க. போறேன்.